இந்தோவுக்காக வைத்த வெற்றிலை

எனக்குக் கரு தங்கவேண்டும் என்று நேர்ந்துகொண்டவர் இந்தோ. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில், தொராஜா மலைநாட்டில் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள், எனக்கு மாமியார். இரண்டு தடவை கலைந்து மூன்றாவது தங்கியதும் சிங்கப்பூருக்குப் போன் போட்டு, "பிறந்ததும் போரிக்குத் தூக்கிட்டு வா, கல்லுக்கு வெற்றிலை வைக்கணும்" என்றார். மகள் பிறந்தாள். நாங்கள் கிளம்புவதற்குள் இந்தோ படுத்துவிட்டார்.

படுத்துவிட்டார் என்றுதான் எழுதவேண்டும். மூச்சு நின்று ஆறு மாதமாகியும் வீட்டில் யாரும் 'போய்விட்டார்' என்பதில்லை. 'தோ மகுலா', சுகமில்லாதவர். காரியத்துக்குச் சொந்தமெல்லாம் கூடவேண்டும், வெட்டும் எருமைகளுக்குப் பணம் சேரவேண்டும். புள்ளி எருமை ஒன்று கார் விலைக்குப் போகிறது. காரியம் முடிந்து ஆன்மா பூயா என்ற மறுவுலகத்துக்குக் கிளம்பும்வரை அவர் நம்மோடுதான்.

மகாசார் நகரத்திலிருந்து இரவு பேருந்து, 300 கிலோமீட்டருக்கு மேல். எந்ரெகாங் தாண்டியதும் மலை வளைவுகளில் பிள்ளை மூன்று முறை வாந்தி எடுத்தாள். விடியற்காலையில் தொராஜாவின் ரந்தேபாவோ ஊரில் இறங்கினால், காலைக் கீழே வைக்குமுன் நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள். "இன்னைக்குப் பெரிய சாவு இருக்கு, பார்க்க வர்றீங்களா? சீப்பா கூட்டிட்டுப் போறேன்." எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என் கணவர் தொராஜா மொழியில் ஏதோ சொன்னதும் தலையைக் குனிந்து விலகினார்கள்.

வீட்டில் இந்தோ துணி சுற்றிப் படுத்திருந்தார். தலைமாட்டில் காபி. நாத்தனார் ஆறிய கோப்பையை எடுத்துவிட்டுச் சூடாக இன்னொன்று வைத்து, "இந்தோ, சிங்கப்பூர்ப் பேத்தி வந்திருக்கா" என்றார், எழுப்பிச் சொல்வதுபோல. நான் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். அவள் அந்தத் துணியைப் பிடித்து இழுத்தாள். யாரும் தடுக்கவில்லை.

மறுநாள் போரி. ஊருக்கு வடக்கே, பச்சைப் புல்வெளியில், இறந்தவர்கள் நினைவாக நட்ட 102 கற்கள். சில ஆளைவிடப் பல மடங்கு உயரம், சில இடுப்பளவுகூட இல்லை. உயரத்துக்கும் பெருமைக்கும் சம்பந்தமில்லையாம். எந்தக் கல்லும் பெரிய காரியம் நடத்தி, எருமை வெட்டி, ஊர் கூடி இழுத்து வந்து நட்டதுதான். அவற்றின்மேல் ஒருத்தர் சாய்ந்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். சண்டை போட நேரமில்லை.

எங்கள் வீட்டில் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர்கள். முன்னோர் நெறியான அலுக் தோ தோலோவை 1969-இல் அரசாங்கம் இந்து சமயக் கணக்கில் சேர்த்துவிட்டது. இந்தோ இந்தக் கணக்கெல்லாம் பார்த்ததே இல்லை.

அவர் சொன்ன கல்லை இவர் காட்டினார். காலை மழையில் நனைந்து, பாசி படிந்து கறுத்திருந்தது. வெற்றிலை பாக்கை அடியில் வைத்தேன். என்னென்னவோ சொல்ல நினைத்துப் போனவள், தமிழில் சொல்வதா, அவர்கள் பேச்சில் சொல்வதா என்று குழம்பி, நெற்றியைக் கல்லில் வைத்தேன். ஜில்லென்றிருந்தது. "குடுத்தீங்களே, குடுத்தீங்களே" என்றுதான் வாயில் வந்தது. யாரிடம் சொன்னேன், நட்டவருக்கா, யாருக்காக நட்டார்களோ அவருக்கா, இந்தோவுக்கா, தெரியவில்லை. எத்தனை நேரம் நின்றேனோ. பிள்ளை பாசியைச் சுரண்டி உள்ளங்கையெல்லாம் பச்சையாக்கிக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில் ஒரு பெரிய மரம். பால் வடிகிற தர்ரா மரம். பல் முளைக்குமுன் இறந்த குழந்தைகளை அந்தக் காலத்தில் அதில் குடைந்து வைப்பார்களாம், மரம் பால் கொடுத்து வளர்க்கும் என்று. தண்டில் நாரால் மூடிய சின்னச் சின்னக் கதவுகள்.

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அந்த நேரம் பார்த்து மகள் என் தோளைக் கடித்தாள். மேல்பல் இரண்டும் வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. நன்றாக வலித்தது.

"இன்னும் கடிடி" என்றேன்.