கையொப்பத்துக்கு மேலே இருந்த வரி

பிப்ரவரி 9, 2025, ஞாயிறு. சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

நடந்ததையும் நடப்பதையும் தேதியிட்டு எழுதிவைக்குமாறு வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். என்னைப் போல் மௌனமாக இருப்பவர்களும் படிக்கட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

2022 ஜூலை 14 அன்று, கர்ப்பப்பையில் இருந்த மூன்று ஃபைப்ராய்டு கட்டிகளை மட்டும் எடுப்பதற்காக ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தேன். மயக்கம் தெளிந்தபோது கர்ப்பப்பையே இல்லை. அதை எனக்குச் சொன்னவரும் மருத்துவர் அல்லர். மறுநாள் காலை கட்டு மாற்ற வந்த செவிலியர், எனக்குத் தெரிந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டு, "இனி மாதாமாதம் இந்தத் தொல்லை இருக்காதே" என்று ஆறுதலாகச் சொன்னார். மாலையில் வந்த மருத்துவரிடம் ஏன் என்று கேட்டேன். "உங்களுக்குத்தான் ஏற்கெனவே ஒரு பிள்ளை இருக்கிறதே" என்றார். அப்போது எனக்கு வயது 36.

திருநெல்வேலியில் இருக்கும் அம்மாவிடம்கூட ஓராண்டு காலம் சொல்லவில்லை. 2023இல் மருத்துவர்களைப் பதிவு செய்யும் தேசியக் கழகத்துக்குப் புகார் எழுதினேன். அந்தக் கழகம் மருத்துவரின் நடத்தையை விசாரிக்குமே தவிர இழப்பீடு வழங்காது என்பதும், புகார் அங்கே நிலுவையில் இருப்பதால் வழக்குக்கான காலவரம்பு நின்றுவிடாது என்பதும் இப்போதுதான் தெரிந்தன. 1969ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டப்படி, நடந்ததும் நடத்தியவர் யார் என்பதும் நமக்குத் தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள்தான் உண்டு. அதற்குள் சம்மனை நீதிமன்றத்தில் பதிவு செய்தால் மட்டும் போதாது. அது பிரதிவாதியிடம் சேர்ப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். எனக்கு மீதி இருப்பது ஐந்து மாதம்.

மார்ச் 20, 2025, வியாழன்

2000ஆம் ஆண்டின் தகவல் பெறும் சட்டத்தின் கீழ் கேட்டிருந்த கோப்பு வந்துவிட்டது. ஓர் உரிமையைக் காத்துக்கொள்ளத் தேவை என்றால் தனியார் நிறுவனமும் பதிவேடுகளைத் தந்தாக வேண்டும். பதிலளிக்க முப்பது நாள் தவணை.

ஒப்புதல் படிவத்தின் நகலைச் சாப்பாட்டு மேசையில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அடியில் என் கையொப்பம், அதற்கு மேலே மருத்துவரின் கையெழுத்தில் ஒரே ஒரு சொல்: மயோமெக்டமி. கட்டியை மட்டும் அகற்றுவது என்று பொருள். அடுத்த தாளில், அதே கையெழுத்தில், அறுவைக் குறிப்பு: ஹிஸ்டரெக்டமி. கர்ப்பப்பையையே அகற்றுவது என்று பொருள். இரண்டு தாள்களுக்கும் நடுவில் என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

மயக்க மருந்து நிபுணரின் அட்டவணையும் இருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை இரத்த அழுத்தத்தைக் குறித்த சின்னஞ்சிறு அம்புக்குறிகள், தொடக்கம் முதல் முடிவு வரை ஏறக்குறைய நேர்வரிசையாகச் செல்கின்றன. இரத்த இழப்பு 250 மி.லி. என்று எழுதியிருக்கிறார்கள். உயிருக்குப் போராடிய உடம்பின் அட்டவணை இப்படி இருக்காது என்று நான் நினைத்தேன், வழக்கறிஞரும் அதையே சொன்னார். 2003ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டம், ஏழாவது பிரிவில், தாமதித்தால் உயிர் போகும் அல்லது மீளாத கேடு வரும் என்ற நிலையில் ஒப்புதல் இன்றிச் சிகிச்சை செய்ய இடம் கொடுக்கிறது. நோயாளி சொல்லும் நிலையில் இல்லை என்றால் கணவரோ பெற்றோரோ சொல்லலாம் என்றும் அதே பிரிவு கூறுகிறது. என் கணவர் அன்று முழுவதும் கதவுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவரையும் கேட்கவில்லை. அவர் "சரி" என்று சொல்லியிருந்தால் என் மனம் ஆறியிருக்குமா என்றால், இல்லை. கட்டிகளை எடுத்த அளவில் தைத்துவிட்டு, நான் விழித்த பிறகு என்னிடம் பேசியிருக்கலாம்.

மே 6, 2025, செவ்வாய்

வேறு மாகாணத்து மகப்பேறு நிபுணரின் அறிக்கை வந்தது. அறுவை திறமையாகச் செய்யப்பட்டிருக்கிறது, தையலில் குறை இல்லை, பின்கவனிப்பிலும் குறை இல்லை என்று எழுதியிருக்கிறார். படித்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். மதினியும் வந்து, "விட்ரு தங்கச்சி, நல்லதுக்குத்தானே எடுத்தாங்க" என்றார்.

வழக்கறிஞர் பொறுமையாக விளக்கினார். கவனக்குறைவு என்பது ஒரு குற்றச்சாட்டு, ஒப்புதல் இன்மை என்பது வேறொரு குற்றச்சாட்டு. புற்றுநோய் கண்ட உறுப்பை நோயாளியின் ஒப்புதல் இல்லாமல் அகற்றிய வழக்கு ஒன்றில், எவ்வளவு நல்ல எண்ணத்துடன் செய்தாலும் அது உடலின் மீதான அத்துமீறலே என்று இந்நாட்டின் கேப் மாகாண நீதிமன்றம் 1923லேயே கருதியது. 1994இல் அதே கேப் நீதிமன்றத்தின் முழு அமர்வு, எதைச் சொல்ல வேண்டும் என்பதை மருத்துவர்களின் வழக்கத்தைக் கொண்டு அளக்காமல், அந்த நோயாளியின் இடத்தில் இருக்கும் ஒருவர் எதை முக்கியமாகக் கருதுவார் என்பதைக் கொண்டு அளக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பிறகு வந்த அரசியலமைப்புச் சட்டமோ, பன்னிரண்டாம் பிரிவில், தன் உடலைத் தானே ஆளும் உரிமையை ஒவ்வொருவருக்கும் எழுதியே கொடுத்திருக்கிறது.

எச்.ஐ.வி. தொற்றுள்ள 48 பெண்கள் அரசு மருத்துவமனைகளில் தங்களுக்குச் செய்யப்பட்ட கட்டாயக் கருத்தடை பற்றி அளித்த முறையீட்டை விசாரித்துப் பாலினச் சமத்துவ ஆணையம் 2020இல் வெளியிட்ட அறிக்கையையும் அன்றிரவு படித்தேன். பிரசவ வலியில் இருந்தவர்களிடம் தாளை நீட்டிக் கையொப்பம் வாங்கியிருக்கிறார்கள். எனக்காவது படித்துப் பார்க்க நேரம் கொடுத்தார்கள். ஆனால் நான் படித்த தாளில் அந்தச் சொல் இல்லை.

ஜூலை 9, 2025, புதன்

நேற்று காலை 10.40க்கு, நீதிமன்ற ஆவணங்களைச் சேர்ப்பிக்கும் அலுவலரான ஷெரிஃப், சம்மனை மருத்துவரின் அறையில் சேர்ப்பித்துவிட்டார். சான்றின் நகல் இன்று வந்தது. பிரதிவாதி மருத்துவர் மட்டும்தான். இந்நாட்டுத் தனியார் மருத்துவமனைகளில் மருத்துவர்கள் பொதுவாக ஊழியர்களாக இருப்பதில்லை என்பதால் மருத்துவமனையைச் சேர்க்கவில்லை.

ஆகஸ்ட் 22, 2025, வெள்ளி

பதிலுரை வந்திருக்கிறது. அன்று காலை 7.30 மணிக்கு, அறுவை அரங்குக்குக் கொண்டுபோகும் முன், தேவைப்பட்டால் கர்ப்பப்பையை எடுக்க நேரிடும் என்று மருத்துவர் என்னிடம் வாய்மொழியாகச் சொன்னாராம், நான் தலையசைத்தேனாம்.

அப்படி ஒரு பேச்சு என் நினைவில் இல்லை. "உன் கண்ணாடி அப்போது என் சட்டைப் பையில் இருந்தது" என்றார் கணவர். இருவருமாகக் கோப்பை மறுபடியும் முதல் தாளிலிருந்து புரட்டினோம். செவிலியரின் மருந்துப் பட்டியலில், 31ஆம் பக்கத்தில், அறுவைக்கு முன் கொடுக்கும் தூக்க மாத்திரைக்கு எதிரே நேரம் குறித்திருக்கிறது: 7.10. அந்தப் பக்கத்தைப் படமெடுத்து இரவே வழக்கறிஞருக்கு அனுப்பிவிட்டேன்.