பிரிண்டருக்கு நிரந்தர முகவரி கொடுத்த கதை

எங்கள் ஆபீஸ் பிரிண்டர் ரொம்ப நாளாக ஒரே ஒரு கம்ப்யூட்டரோடு யூஎஸ்பி கேபிளில் இணைந்திருந்தது. அந்த சீட்டில் இருப்பவர் லீவு போட்டால் மற்றவர்களுக்கு பிரிண்ட் கிடையாது. நெட்வொர்க்கில் போட்டுவிடலாம் என்று நானே இறங்கினேன்.

சுவரிலிருந்த சாக்கெட்டில் லேன் கேபிளைச் செருகினேன். பிரிண்டருக்குப் பின்னால், கேபிள் நுழையும் இடத்தில் இரண்டு குட்டி விளக்குகள் இருக்கும். இரண்டுமே எரியவில்லை. அரை மணி நேரம் மெனுவைக் குடைந்த பிறகுதான் நெட்வொர்க் சுவிட்ச் (எல்லா லேன் கேபிள்களும் வந்து சேரும் பெட்டி) இருக்கும் அலமாரியைத் திறந்தேன். அந்த சாக்கெட்டிலிருந்து வரும் வயர் எதிலும் செருகப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. சுவிட்ச்சில் செருகியதும் பச்சை விளக்கு எரிந்தது, ஆரஞ்சு சிமிட்டியது.

நெட்வொர்க் விவரப் பக்கத்தை பிரிண்ட் எடுத்தேன். ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் அந்தக் கருவிக்கான எண், 169.254 என்று ஆரம்பித்தது. கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் ரூட்டரிடமிருந்து எதுவும் கிடைக்காமல் பிரிண்டர் தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். ஆஃப் செய்து ஆன் செய்ததும் 192.168.1.23 வந்தது. எல்லா கம்ப்யூட்டரிலும் சேர்த்தேன், வேலை செய்தது.

நாலு நாள் கழித்து கரண்ட் போய் வந்தது. எல்லா ஸ்கிரீனிலும் ‘ஆஃப்லைன்’. பிரிண்டரோ ‘ரெடி’ என்கிறது! இதில்தான் எனக்கு ஒரு முழு நாள் போனது. பிரிண்டரின் டிரைவர் மென்பொருளை அழித்து மறுபடி போட்டேன், கேபிளை மாற்றினேன். கடைசியில் அதே விவரப் பக்கத்தை பிரிண்ட் எடுத்தால் முகவரி 192.168.1.41. கரண்ட் வந்ததும் ரூட்டர் வேறு எண் கொடுத்திருக்கிறது. கம்ப்யூட்டர்கள் எல்லாம் பழைய 23-க்கே அனுப்பிக்கொண்டிருந்தன. அந்தப் பக்கத்தை முதலிலேயே எடுத்திருக்க வேண்டும்.

பிரிண்டரிலேயே முகவரியை டைப் செய்து வைக்கலாம். ஆனால் ரூட்டர் பகிர்ந்து கொடுக்கும் வரிசைக்குள் அது இருந்தால் அதே எண் வேறொரு கருவிக்கும் போய் இரண்டும் மோதிக்கொள்ளலாம். அதனால் ரூட்டருக்குள் போய், பிரிண்டரின் மேக் முகவரிக்கு (கருவியிலேயே பதிந்திருக்கும் அடையாள எண்) 192.168.1.50 என்று ரிசர்வ் செய்தேன். பிறகு விண்டோஸில் பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ், போர்ட்ஸ், ஆட் போர்ட், ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட் என்று போய் அந்த எண்ணைக் கொடுத்தேன். ஒரு கம்ப்யூட்டர் மட்டும் அப்புறமும் ‘ஆஃப்லைன்’ காட்டியது; அந்த போர்ட்டின் அமைப்பில் எஸ்என்எம்பி (பிரிண்டரின் நிலையை கம்ப்யூட்டர் கேட்டறியும் முறை) டிக்கை எடுத்ததும் சரியானது.

போன வாரம் மறுபடி கரண்ட் போனது. வந்ததும் முதல் ஆளாக ஓடிப்போய் விவரப் பக்கத்தை எடுத்தேன். 192.168.1.50.