பிஜி கீதமும் எங்கள் பேண்ட் செட்டும்

சித்தூரில் ஒரு பேண்ட் செட்டில் கிளாரினெட் வாசிக்கிறேன். கல்யாணம், சாமி ஊர்வலம், ஈஸ்டர், ஆகஸ்ட் 15 என்று எதற்குக் கூப்பிட்டாலும் போவோம். அதனால் எந்த நாட்டுத் தேசிய கீதத்தைக் கேட்டாலும், நடந்துகொண்டே வாசிக்க வருமா என்றுதான் முதலில் பார்ப்பேன். பல கீதங்கள் தேறாது. பிஜியுடையது தாராளமாகத் தேறும்.

2016 ரியோ ஒலிம்பிக்கில், அணிக்கு ஏழு பேர் ஆடும் ரக்பியில் பிஜி பிரிட்டனை 43-7 என்று நொறுக்கியது. அவர்களுக்கு அதுதான் முதல் ஒலிம்பிக் பதக்கம், அதுவும் தங்கம். அந்தக் கீதத்தைச் செட்டில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினேன். ட்ரம்பெட் ஊதும் தம்பி சர்ச் குயரில் வளர்ந்தவன். நாலு வரி போவதற்குள், "அண்ணா, இது சர்ச் பாட்டு மாதிரி இல்ல இருக்கு!" என்றான்.

சர்ச் பாட்டேதான். சார்லஸ் ஆஸ்டின் மைல்ஸ் என்ற அமெரிக்கர் 1911-இல் எழுதிய பக்திப் பாடலின் மெட்டு. 1970-இல் பிஜி சுதந்திரம் அடைந்தபோது, மைக்கேல் பிரெஸ்காட் எழுதிய வரிகளோடு அது தேசிய கீதமானது. சரணம் அடக்கமாகப் போகும். பிறகு பிஜியின் பேரைச் சொல்லிப் பல்லவி எடுக்கும் இடத்தில் எங்கள் சைடு டிரம்காரருக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஆங்கில வரிகளிலேயே 'சேர்ந்து முன்னே நடப்போம்' என்றும் வருகிறது. வேறென்ன வேண்டும்?

நீலக் கொடியின் கீழ் ஒன்றாக நிற்கிறோம் என்றும் ஒரு வரி உண்டு. கொடியில் இருக்கும் பிரிட்டிஷ் சின்னங்களை எடுத்துவிட்டு வேறு கொடி கொண்டுவர அரசு 2015-இல் கிளம்பியது. ரியோ தங்கத்துக்குப் பிறகு ஜனங்கள் அதே கொடியைத் தூக்கிக்கொண்டு ஆடியதைப் பார்த்து, அந்த யோசனையைக் கைவிட்டது.

எனக்கு அந்த நாட்டின் மேல் ஒரு கண் உண்டு. 1903 முதல் 1916 வரை சென்னையிலிருந்து கப்பலேறி பிஜியின் கரும்புத் தோட்டங்களுக்குப் போன கூலிகளில் வட ஆற்காட்டுக்காரர்கள் ஏராளம். சித்தூர் அப்போது வட ஆற்காட்டில்தான் இருந்தது, தனி மாவட்டமானது 1911-இல். மெட்டு பிறந்த அதே வருஷம்! போனவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே நாடி என்ற ஊரில் முருகனுக்குக் கோயில் கட்டிக் கும்பிடுகிறார்கள். பள்ளியில் இந்தக் கீதத்தைப் பாடுகிறார்கள்.

நொட்டேஷன் எழுதி முடித்துவிட்டேன். ஊர்வலத்தில் வாசித்தால் அட்டென்ஷனில் நிற்க வேண்டுமா, நடக்கலாமா என்று டிரம்காரர் கேட்கிறார். கிறிஸ்துமஸ் ஊர்வலத்தில் பழைய பக்திப் பாட்டாகவே வாசித்துவிடலாம், ஒரு பிரச்சினையும் வராது என்கிறான் தம்பி. அப்படியே செய்யப் போகிறோம்.