உதவி கேட்டு வர்றவங்க கண்ணுக்கு அந்த வெப்சைட் எப்படி தெரியுது

கேன்சர் வந்தவங்களுக்கும் அவங்க குடும்பத்துக்கும் உதவி பண்ற ஒரு சின்ன தொண்டு நிறுவனம், அவங்க வெப்சைட்ட புதுசா கட்டுற வேலைல மூணு மாசமா கூட இருக்கேன். பேரு வேண்டாம். இன்னும் ஒரு பக்கம்கூட டிசைன் பண்ண ஆரம்பிக்கல, மூணு மாசமும் பிளானிங் மட்டும்தான், ஆனா இதுல பாத்தத எழுதி வச்சா இதே மாதிரி வேலைல இறங்குறவங்களுக்கு உபயோகப்படும்னு தோணுச்சு.

முதல் மீட்டிங்ல எல்லாரும் ஹோம்பேஜ பத்தி மட்டும்தான் பேசினாங்க. நன்கொடை பாத்துக்குறவங்க டொனேட் பட்டன் பெருசா மேல வரணும்னாங்க, வாலன்டியர்கள ஒருங்கிணைக்கிறவங்க பதிவு ஃபார்ம் முதல் பக்கத்துலயே வேணும்னாங்க, டிரஸ்டிங்க ஆண்டறிக்கையும் நடத்துன நிகழ்ச்சி ஃபோட்டோவும் கேட்டாங்க. யாரு கேட்டதும் தப்பில்ல, ஒவ்வொருத்தரும் அவங்கவங்க வேலைய மனசார பண்றவங்க. ஆனா ரெண்டு மணி நேரம் பேசினதுல நோயாளி சார்பா ஒரு வார்த்த யாரும் பேசல. கடைசில எல்லாத்தையும் ஒரு ஸ்லைடர்ல, அதாவது ஒண்ணு மாத்தி ஒண்ணு தானா நகர்ற படவரிசைல போட்டு ஓடவிடலாம்னு முடிவாச்சு, பழைய சைட்டும் அப்படித்தான் இருந்துச்சு.

அடுத்த நாள் அங்க ஃபோன் எடுக்குற அக்காகிட்ட போய் உக்காந்தேன். வர்ற கால் எல்லாத்தையும் ஒரு நோட்ல குறிச்சு வைக்கிறாங்க. ஃபார்ம் எங்க கிடைக்கும், என்னென்ன பேப்பர் வேணும், நேர்ல வரணுமா இல்ல வீட்ல இருந்தே அனுப்பலாமா, எத்தன நாள் ஆகும், பக்கம் பக்கமா இதே கேள்விங்கதான். கடைசி கேள்விய தவிர மத்த எல்லாத்துக்கும் சைட்ல பதில் இருக்கு! 'எங்கள் திட்டங்கள்'னு ஒரு மெனு, அதுக்குள்ள 'நிதி ஆதரவு', அதுக்குள்ள ஒரு பிடிஎஃப், அந்த பிடிஎஃப்ல மூணாவது பக்கம். யாரு அவ்ளோ தூரம் போவா? மெனு முழுக்க ஆபீஸ்ல டிபார்ட்மென்ட் எப்படி பிரிச்சிருக்காங்களோ அப்படியே இருக்கு, வெளிய இருந்து வர்றவங்களுக்கு அந்த பிரிவெல்லாம் தெரியவேண்டிய அவசியமே இல்ல.

சைட்டுக்குள்ள இருக்குற சர்ச் பாக்ஸ்ல ஜனங்க என்ன டைப் பண்றாங்கன்னும் எடுத்து பாத்தோம். நிறுவனம் 'நோய்த்தணிப்புப் பராமரிப்பு'ன்னு எழுதி வச்சிருக்கு, வர்றவங்க 'வலி தாங்க முடியல என்ன செய்ய'ன்னு தேடுறாங்க. இவங்க 'நிதி ஆதரவு'ங்குறாங்க, அவங்க 'கீமோ செலவுக்கு உதவி'ங்குறாங்க. ரெண்டும் ஒரே விஷயம்தான், ஆனா தேடினா ஒண்ணும் இல்லன்னு வருது. தேடுறவங்க வார்த்தைலயே தலைப்பு வைக்கணும்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டோம், டாக்டருங்க சொல்ற பேரு உள்ள வாக்கியத்துல வந்தா போதும்.

எனக்கு எல்லாத்தையும் மாத்திப்போட்டது ஒரு அம்மா. ஐம்பது வயசுக்கு மேல இருக்கும், வீட்டுக்காரருக்கு ட்ரீட்மென்ட் நடக்குது, ஸ்க்ரீன் ஒரு ஓரத்துல கீறல் விட்ட ஃபோன் வச்சிருந்தாங்க. அவங்க ஃபோன்லயே பழைய சைட்ட தெறந்து குடுத்து, மருந்து செலவுக்கு உதவி கேக்கணும்னா எங்க போவீங்கம்மான்னு மட்டும் கேட்டேன், வேற எதுவும் சொல்லல. ஸ்லைடர்ல ஏதோ படிச்சு விரல கொண்டு போறாங்க, அதுக்குள்ள அது நகந்து அடுத்த படம் வந்துடுச்சு, விரல பின்னால இழுத்துக்கிட்டாங்க. அப்புறம் மேல 'உதவி'ன்னு ஒரு பட்டன், முகம் தெளிஞ்சுடுச்சு, அழுத்துனாங்க. அது நன்கொடை பக்கம். தொகைய தேர்வு செய்க, கார்டு நம்பர் குடுன்னு வந்து நிக்குது. கொஞ்ச நேரம் அதையே பாத்துட்டு "நான்தானே தம்பி கேட்டு வந்தேன், என்கிட்ட கேக்குதே"ன்னாங்க.

தமிழ்ல 'உதவி'ங்குற சொல்லு குடுக்குறதுக்கும் வரும் வாங்குறதுக்கும் வரும், இத எழுதுன யாருக்கும் அன்னிக்கு தோணல. அடுத்து உக்காந்தவரும் அதே பட்டனத்தான் அழுத்துனாரு. வெப்சைட்ட ஜனங்க எப்படி பயன்படுத்துறாங்கன்னு ஆராயுற ஜேக்கப் நீல்சன் 2000லயே எழுதியிருக்காரு, 5 பேர உக்கார வச்சு பாத்தாலே பெரும்பாலான சிக்கல் வெளிய வந்துடும்னு. எங்களுக்கு முதல் ஆளுலயே பெருசு வந்துடுச்சு.

டிசைன் பண்ண வந்த ஏஜென்சி ஒரு யோசனை குடுத்தாங்க, ஹோம்பேஜ்ல 'நீங்கள் யார்?'னு கேட்டு நோயாளி, நன்கொடையாளர், தன்னார்வலர், ஊடகம்னு நாலு கதவு வச்சுடலாம்னு. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு, பல விதமான ஆளுங்க வர்ற சைட்டுக்கு இதுதான் வழின்னு நானும் ரெண்டு நாள் நினைச்சேன். ஆனா பயாப்சி ரிப்போர்ட்டுக்காக காத்திருக்குற ஒருத்தர் 'நோயாளி'ங்குற பட்டன அழுத்துவாரா, அவரு மனசு இன்னும் அந்த வார்த்தைக்கே வரல. அப்பாவுக்காக தேடுற பொண்ணு எந்த கதவு? முன்னாடி இங்க உதவி வாங்கி குணமாகி இப்ப மாசாமாசம் பணம் அனுப்புறவங்க இருக்காங்க, அவங்க எது? ஆஸ்பத்திரில இருந்து நோயாளிய அனுப்பி வைக்கிற சோஷியல் வொர்க்கருக்கு நாலுல ஒண்ணுமே பொருந்தாது. நீ யாருன்னு கேக்குறதுக்கு பதிலா என்ன செய்ய வந்தீங்கன்னு கேட்டா போதும்னு சண்டை போட்டு மாத்தினேன். 'சிகிச்சைச் செலவுக்கு பணம் கேட்க', 'யார்கிட்டயாவது பேச', 'பணம் கொடுக்க', 'நேரம் கொடுக்க'. இப்போதைக்கு இந்த நாலுதான், அந்த அம்மாகிட்டயும் இன்னும் சிலர்கிட்டயும் சீட்டுல தலைப்ப எழுதி குடுத்து அடுக்கச் சொல்லி வந்தது.

நன்கொடை டீமுக்கு பயம், அவங்க பக்கம் கீழ போயிடுமோன்னு. பணம் இல்லன்னா உதவியும் இல்ல, அந்த பயம் நியாயம். ஆனா ரெகுலரா குடுக்குற சிலர்கிட்ட பேசிப் பாத்தப்ப அவங்க முதல்ல போய் பாக்குறதே உதவி கேக்குற பக்கத்தத்தான், உண்மையாவே யாருக்கு குடுக்குறாங்க, எப்படி தேர்ந்தெடுக்குறாங்கன்னு. அந்த பக்கம் தெளிவா இருந்தா நம்பிக்கை அங்கயே வந்துடுது, கூடவே தணிக்கை பண்ணுன கணக்கு ஒரு கிளிக்ல கிடைச்சா போதும்.

ஃபோட்டோ விஷயத்துலதான் ரொம்ப நாள் இழுத்துச்சு. பழைய ஹோம்பேஜ்ல முடி கொட்டிப் போன ஒரு குழந்தை அழுதுட்டு இருக்குற படம், பணம் குடுக்குறவங்க கண்ணு கலங்கும்னு போட்டது. அன்னிக்கு காலைல தன் குழந்தையோட ரிப்போர்ட்ட கையில வாங்குன அப்பா ஒருத்தர் ராத்திரி தூக்கம் வராம இந்த சைட்டுக்கு வந்தா அவருக்கு முதல்ல அந்த படம்தான். இத சொன்னதும் ரூம்ல கொஞ்ச நேரம் யாரும் பேசல. அந்த குழந்தை இப்ப காலேஜ் போகுதாம், படத்துக்கு அனுமதி கேட்டாங்களான்னு யாருக்கும் ஞாபகம் இல்ல. அன்னிக்கு சாயங்காலமே படத்த எடுத்துட்டாங்க, புது சைட்டு வரைக்கும் காத்திருக்கல. அதுக்காகவே அந்த டீம் மேல எனக்கு மரியாதை.

கண்ணு தெரியாத வாலன்டியர் ஒருத்தர் இருக்காரு, ஃபோன்ல டாக்பேக், கம்ப்யூட்டர்ல என்விடிஏ, ரெண்டும் இலவச ஸ்க்ரீன் ரீடர், திரைல இருக்குறத வாய்விட்டுப் படிச்சுக் காட்டுற மென்பொருள். அவரு பழைய சைட்ட ஓட்டிக் காமிச்சாரு, "லிங்க், மேலும் படிக்க. லிங்க், மேலும் படிக்க. லிங்க், மேலும் படிக்க"ன்னு வேகமா சொல்லிட்டே போகுது, எத மேலும் படிக்கன்னு தெரியாது. ஃபார்முக்கு வந்தா "எடிட் பாக்ஸ், எடிட் பாக்ஸ்", பேரு எங்க ஃபோன் நம்பர் எங்கன்னு இல்ல. வெப்புக்கான தரத்த வகுக்குற டபிள்யூ3சி அமைப்பு 2023 அக்டோபர்ல வெளியிட்ட டபிள்யூசிஏஜி 2.2, அதாவது மாற்றுத்திறனாளிங்களும் சைட்ட பயன்படுத்த முடியணும்னு வச்ச விதிகள வச்சு பாத்தோம், சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5க்கு 1 அளவுக்காவது கான்ட்ராஸ்ட், அதாவது வெளிச்ச வித்தியாசம் வேணும், பட்டன் 24 பிக்சலுக்கு கொறையக்கூடாது. எங்க வெளிர் சாம்பல் எழுத்து கிட்டக்கூட வரல. கீமோவுல கை மரத்துப்போனவங்க, ட்ரீட்மென்ட்டுல கண்ணு மங்கலானவங்க வர்ற சைட்டு இது, இவங்களுக்கே இல்லன்னா அந்த விதி வேற யாருக்கு?

இன்னொண்ணு, உதவி பக்கங்கள்ல யாரு எந்த பக்கம் பாக்குறாங்கன்னு நோட்டம் விடுற விளம்பர கம்பெனிங்களோட ட்ராக்கர் எதுவும் வேண்டாம்னு எழுதி வாங்கிட்டேன். ஒருத்தர் கேன்சர் உதவி தேடுனாருங்குறது அவரு வீட்டு ஆளுங்களுக்கே தெரியாம இருக்கலாம், அத விளம்பரக்காரங்களுக்கு நாம சொல்லக்கூடாது.

பழைய பக்கங்கள் பட்டியல் பெரிய எக்ஸெல் ஷீட்டா இருக்கு, எத வைக்கிறது எத தூக்குறது யாரு பொறுப்புன்னு ஒவ்வொண்ணா போயிட்டு இருக்கு, அலுப்பான வேலை. முகவரி மாறுற பக்கத்துக்கெல்லாம் 301 ரீடைரக்ட், அதாவது பழைய லிங்க்ல வர்றவங்கள தானா புது பக்கத்துக்கு அனுப்புற ஏற்பாடு போட்டே ஆகணும், ஏன்னா ஆஸ்பத்திரி நோட்டீஸ் போர்டுல ஒட்டுன பழைய தாள்ல இந்த லிங்க்தான் அச்சாகி இருக்கு.

போன வாரம் அந்த அம்மாவ திரும்ப பாத்தேன். பேப்பர்ல பென்சிலால ஃபோன் அளவுக்கு வரைஞ்சு எடுத்துட்டுப் போய் அதே கேள்விய கேட்டேன். விரல் நேரா முதல் பட்டனுக்கு போச்சு. அடுத்த தாள வச்சேன், என்னென்ன பேப்பர் வேணும்னு வரிசையா இருக்கு, ஒவ்வொண்ணா உதட்டுக்குள்ள படிச்சாங்க, முடிச்சுட்டு "எத்தன நாள்ல பதில் வரும்னு போடலையே தம்பி"ன்னாங்க. அக்கா நோட்ல இருந்த அதே கேள்வி. உதவி முடிவு பண்ற கமிட்டிகிட்ட கேட்டுருக்கேன், நிச்சயமா ஒரு நாள் கணக்கு சொல்ல முடியுமான்னு, அவங்க பதில் வந்ததும் அந்த தாள்ல எழுதணும்.