கியர் விழாத மாருதி 800: மூன்று நாள் வேலைக் குறிப்பு

வண்டி நாலு கியர் மாருதி 800. தண்டையார்பேட்டையில் கடலுக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து தை வரைக்கும் அசையாமல் நின்ற வண்டி. பேட்டரியை மாற்றியதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. கியர் மட்டும் விழவில்லை. முதல் கியர் வாசலிலேயே முட்டி நிற்கிறது. ரிவர்ஸ் போட்டால் கர்ரென்று கடிக்கிறது.

இந்த அறிகுறியைச் சொன்னாலே பலரும் "பாக்ஸை இறக்கணும்" என்பார்கள், அதாவது கியர் பாக்ஸையே கழற்ற வேண்டும் என்று. அதற்கு முன் ஐந்து நிமிடச் சோதனை ஒன்று இருக்கிறது.

முதல் நாள்

இன்ஜினை அணைத்துவிட்டு நாலு கியரையும் ரிவர்ஸையும் போட்டுப் பார்த்தோம். எல்லாம் விழுந்தது. ரிவர்ஸ் மட்டும் ஒருமுறை முட்டியது. வண்டியை அரை அடி தள்ளியதும் போய்விட்டது. பல்லோடு பல் நேருக்கு நேர் நின்றால் அப்படித்தான் முட்டும், அது பழுதல்ல. அணைத்த நிலையில் கியர் விழுகிறது, ஓடும்போது விழவில்லை என்றால் கியர் ராடும் (கியர் லீவரையும் பாக்ஸையும் இணைக்கும் கம்பி) பாக்ஸும் பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கின்றன, கிளட்ச்தான் விடவில்லை. பெடலை மிதித்த பிறகும் இன்ஜின் பாக்ஸின் உள் ஷாஃப்டைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ரிவர்ஸில் சிங்க்ரோமெஷ் (கியர் விழும் முன் பற்களின் வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு) கிடையாது, அதனால் அங்கே சத்தம் முதலில் கேட்கிறது. அணைத்த நிலையிலும் விழவில்லை என்றால் வேறு வழி: கீழே படுத்து கியர் ராடு, அதன் புஷ், போல்ட் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

அடுத்து, பெடலையும் கிளட்சையும் இணைக்கும் கேபிள். ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் பானெட்டைத் திறந்து பெல் ஹவுசிங் (கிளட்சை மூடியிருக்கும் கூடு) பக்கம் இருக்கும் ரிலீஸ் ஆர்மை, அதாவது கேபிள் இழுக்கும் கையை, கவனிக்க வேண்டும். பெடல் தரைவரை போயும் ஆர்ம் கொஞ்சம்தான் நகர்ந்தது, அதுவும் விக்கி விக்கி. கேபிளைக் கழற்றிப் பார்த்தால், வளையும் இடத்தில் உறை வெடித்து உள்ளே துரு. கம்பியில் நாலைந்து இழை அறுந்திருந்தது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை இந்தக் கடற்கரைப் பக்கம் நிற்கும் வண்டிகளில் உப்புக்காற்று முதலில் தின்பது இப்படிப்பட்ட இடங்களைத்தான். எண்ணெய் விட்டு ஓட்டிப் பார்க்கலாம் என்ற யோசனை வந்தது. இழை அறுந்த கேபிளுக்கு எண்ணெய் விடுவது வீண். புதுக் கேபிள் ஜி.பி. ரோட்டில் வாங்கினோம். புதுப்பேட்டையில் பழையது மலிவாகக் கிடைக்கும், ஆனால் கேபிளைப் பழையதாக வாங்கக் கூடாது.

இரண்டாம் நாள்

கேபிள் மாட்டியாயிற்று. ஆர்ம் முனையில் இருக்கும் அட்ஜஸ்ட் நட்டைத் திருப்பும்போது கேபிள் முனையைப் பிளையரால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கம்பி முறுக்கிக்கொள்ளும். பெடல் முதல் 2 செ.மீ. அளவுக்குக் கனமில்லாமல் இறங்கி, அதன் பிறகு பாரம் தெரியும்படி வைத்தோம். இந்த ப்ளே இல்லாமல் இறுக்கினால் கிளட்சை அழுத்தி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் எந்நேரமும் சுற்றித் தேயும், கிளட்ச் வழுக்கும். கியர் விழவில்லையே என்று நட்டை இறுக்கிக்கொண்டே போவதுதான் அதிகம் நடக்கும் தவறு.

இப்போது ஆர்ம் முழுசாக நகர்கிறது. ரிவர்ஸ் இன்னும் கடிக்கிறது. ஆக, கேபிள் பழுதுக்குப் பின்னால் இன்னொரு பழுது.

உறுதிப்படுத்த: பின் சக்கரங்களுக்கு முட்டுக்கல், ஹேண்ட் பிரேக், இன்ஜின் அணைப்பு, சாவி வெளியே. முன்பக்கம் ஒரே ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் வைக்க வேண்டும். இரண்டையும் தூக்கினால் ஒன்றைச் சுற்றும்போது இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் வழியாக மற்றது எதிர்ப்பக்கம் சுற்றி ஏமாற்றிவிடும். நாலாவது கியரைப் போட்டு, பெடலை முழுக்க மிதிக்கச் சொல்லி, தூக்கிய சக்கரத்தைக் கையால் சுற்றினோம். இன்ஜின் முனையில் இருக்கும் கிரேங்க் புல்லியும் கூடவே சுற்றியது. பெடல் கீழே இருக்கும்போது அது அசையவே கூடாது. கிளட்ச் பிளேட் துருவோடு, இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் ஃப்ளைவீலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பெல் ஹவுசிங் துளை வழியாகத் துரு நீக்கும் ஸ்பிரே அடிக்கச் சிலர் சொல்வார்கள். செய்ய வேண்டாம். பிளேட்டின் உராய்வுப் பரப்பான லைனிங்கில் எண்ணெய்ப் பசை ஏறினால் பிளேட் அத்தோடு போயிற்று. கிளட்சை மிதித்தபடி கியரில் ஸ்டார்ட் செய்து, ஓட்டத்தில் உதறிவிடுவது இன்னொரு முறை. ஸ்டார்ட் ஆனதும் வண்டி பாயும். பிள்ளைகள் விளையாடும் சந்தில் அதை நினைத்தே பார்க்கக் கூடாது.

நாங்கள் செய்தது: வண்டியைக் கீழே இறக்கி, நியூட்ரலில் 15 நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து, பெடலை முழுக்க அழுத்தி, பெடலுக்கும் சீட்டின் இரும்புச் சட்டத்துக்கும் நடுவே ஒரு கட்டையை முட்டுக்கொடுத்து இரவு முழுக்க விட்டோம்.

மூன்றாம் நாள்

கட்டை அப்படியே. நாலாவது கியர், சாவி வெளியே, ஹேண்ட் பிரேக் விடுவிப்பு. இரண்டு பேர் வண்டியை முன்னும் பின்னும் உலுக்கினார்கள். முதல் கியரில் உலுக்கக் கூடாது. அதே தள்ளலுக்கு நாலாவது கியரில்தான் பிளேட்டுக்குப் போகும் முறுக்கு அதிகம். பத்துப் பன்னிரண்டு உலுக்கலில் 'டக்' என்று ஒரு சத்தம், வண்டி லேசாக உருண்டது. கட்டையை எடுத்து ஸ்டார்ட் செய்து, மிதித்து, நாலு விநாடி பொறுத்து ரிவர்ஸ் போட்டோம். சத்தமில்லாமல் விழுந்தது. முதல் இரண்டு கிலோமீட்டர் கிளம்பும்போது நடுங்கியது. ஒட்டியிருந்த துரு தேயத் தேய நின்றுவிட்டது.

இதற்கும் விடவில்லை என்றால் பாக்ஸை இறக்கியே ஆக வேண்டும். அப்போது பிளேட், அதை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். ஏற்றும்போது பாக்ஸின் பாரத்தை பிளேட்டின் நடுவில் தொங்கவிட்டால் அந்த நடுப்பகுதி (ஹப்) வளைந்து, புதுப் பிளேட்டும் விடாது.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது வந்தது போன்ற வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் கியர் ஆயிலையும் பார்க்க வேண்டும். பால் கலந்த டீ நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. இந்த வண்டியில் ஆயில் தெளிவாகவே இருந்தது. ஆயில் அளவு பார்க்கும் லெவல் பிளக் துளையில் வழியும்வரை கொஞ்சம் ஊற்றி மூடினோம். கியர் ராடு புஷ் ஆடுகிறது, அது அடுத்த ஞாயிறு வேலை.