பேர்ட்ஸ்வில்லில் இருந்து கூபர் பீடிக்கு எவ்வளவு நேரம்?

ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பாலைவன ஊர்களில் இரண்டை எடுத்து, சின்ன விமானத்தில் போக எவ்வளவு நேரமாகும் என்று கணக்குப் போட்டு, அப்புறம் சிமுலேட்டரில் பறந்து பார்ப்பது என் பொழுதுபோக்கு. இந்த முறை குயின்ஸ்லாந்தின் பேர்ட்ஸ்வில்லும் தெற்கு ஆஸ்திரேலியாவின் கூபர் பீடியும். முன்னது நூற்றுச் சொச்சம் பேர் வாழும் ஊர். 1884-இல் கட்டிய ஓட்டலுக்கு எதிரிலேயே விமான நிலையம். பின்னது ஓப்பல் என்ற ரத்தினக்கல்லை வெட்டியெடுக்கும் சுரங்க ஊர். வெயில் தாங்காமல் பலர் நிலத்தடி வீடுகளில் வாழ்கிறார்கள்.

தரைவழியில் போனால் பேர்ட்ஸ்வில் டிராக் என்ற சாலையில் 517 கி.மீ. தெற்கே மரீ என்ற ஊர் வரை இறங்கி, வில்லியம் க்ரீக் என்ற ஊர் வழியாக மறுபடி வடமேற்கே ஏற வேண்டும். மொத்தம் கிட்டத்தட்ட 890 கி.மீ., பெரும்பாலும் மண் சாலை. நடுவில் சிம்ப்சன் பாலைவனமும் ஐர் ஏரியும் கிடப்பதால்தான் இவ்வளவு சுற்று.

நேர்கோட்டில் 575 கி.மீ. கோளத்தின் மேல் இரண்டு இடங்களுக்கு இடையிலான தூரத்தைத் தரும் ஹேவர்சைன் சூத்திரத்தை எக்செல்லில் போட்டுக் கிடைத்தது இது. தெற்கு அட்சரேகைக்கு மைனஸ் குறி, பாகைகளை ரேடியனாக மாற்றுவது, இவ்வளவுதான் வேலை. சும்மா பார்ப்போமே என்று, தீர்க்கரேகை வித்தியாசத்தை நடு அட்சரேகையின் கொசைனால் பெருக்கிப் பள்ளிக்கூடத்துப் பிதாகரஸ் தேற்றத்தையும் போட்டேன். அதிலும் 575! இந்தத் தூரத்துக்குப் பூமியின் வளைவு பொருட்டே இல்லை.

575 கி.மீ. என்பது 310 நாட்டிக்கல் மைல். செஸ்னா 172 என்ற சின்ன விமானம் சுமார் 120 நாட் (மணிக்கு 120 நாட்டிக்கல் மைல்) வேகத்தில் போகும் என்று வைத்தால் 2 மணி 35 நிமிடம். ஓடுதளத்தில் நகர்வது, மேலே ஏறுவது எல்லாம் சேர்த்து இன்னொரு பத்து நிமிடம்.

பறக்கும் உயரம் போகும் திசையைப் பொறுத்தது; மேற்குப் பக்கம் போவதால் 6,500 அடியில் பறந்தேன். செம்மணல் மேடுகள் வரிவரியாகப் பாதைக்குக் குறுக்கே ஓடுகின்றன. பாதி வழியில் இடது பக்கம் ஐம்பது கி.மீ. தள்ளி ஐர் ஏரியின் வடமுனை. ஏரியின் அடித்தளம் கடல்மட்டத்துக்கும் 15 மீட்டர் கீழே. ஆஸ்திரேலியாவிலேயே தாழ்வான இடம் அது. சாலை ஏன் அப்படி வளைகிறது என்பது மேலிருந்து பார்த்தால்தான் உறைக்கிறது.

கடிகாரத்திலும் ஒரு விசித்திரம் உண்டு. வழக்கமாகத் தெற்கு ஆஸ்திரேலியா குயின்ஸ்லாந்தைவிட அரை மணி பின்னால். ஆனால் குயின்ஸ்லாந்தில் கோடைக்கால நேரமாற்றம் கிடையாது, தெற்கு ஆஸ்திரேலியாவில் உண்டு; அங்கே ஜனவரி கோடைக்காலம். ஜூலையில் காலை 7 மணிக்குக் கிளம்பினால் கூபர் பீடி நேரப்படி 9:15-க்கு இறங்கலாம். ஜனவரியில் அதே பயணம் 10:15-க்கு முடியும். அப்போது மேற்கே போயும் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளிவைக்க வேண்டியிருக்கிறது!

எனக்கு மிகவும் பிடித்தது காற்றுக் கணக்கு. போகும்போது 20 நாட் எதிர்காற்று என்றால் 3 மணி 6 நிமிடம், திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 2 மணி 13 நிமிடம். போனதும் வந்ததும் சரிக்குச் சரியாகிவிடும் என்றுதான் தோன்றும். ஆனால் காற்றே இல்லாவிட்டால் போக வர 5 மணி 10 நிமிடம். இங்கே 5 மணி 19. எதிர்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொள்கிறோம், பின்காற்றின் உதவியோ கொஞ்ச நேரம்தான். காற்றை 40 நாட் ஆக்கினால் மொத்தம் 5 மணி 49 நிமிடம். காற்று இரட்டிப்பானால் இழப்பு நாலு மடங்குக்கும் மேல். அப்போதும் மணிக்கு 35 லிட்டர் எரிபொருள் என்று வைத்தால் போக மட்டும் 136 லிட்டர். டேங்க்கில் 200 லிட்டர் பிடிக்கும்.

அடுத்து இதே பாதையில் பக்கவாட்டுக் காற்றை வைத்துப் பார்க்கப் போகிறேன்.