இந்தப் பழத்தில் ஒரு பூவைக் காட்டு

பாடத்தை வாழ்க்கையோடு இணைத்து நடத்துங்கள் என்று எங்களுக்கு நடக்கும் பயிற்சிகளில் சொல்லாத ஆள் கிடையாது. பெரும்பாலும் அது பாடத்தை முடித்துவிட்டு "உதாரணமாக, நம்ம ஊர் பலா" என்று கடைசியில் ஒரு வரி சேர்ப்பதோடு நின்றுவிடுகிறது. பண்ருட்டி பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ தாவரவியல் எடுக்கிறேன். அந்த ஒரு வரியால் யாருக்கும் எதுவும் புரிந்து நான் பார்த்ததில்லை. பிள்ளைகள் தினமும் கையில் எடுக்கிற பொருளுக்குள், அவர்களால் பதில் சொல்ல முடியாத ஒரு கேள்வி இருக்க வேண்டும். அப்போதுதான் பாடம் நகர்கிறது.

ஜூனில் பள்ளி திறக்கும்போது இங்கே பலா வரத்து முடிந்திருக்காது. பிளஸ் டூ-வில் முதலில் வருவதும் தாவர இனப்பெருக்கம்தான். பலா என்ன வகைக் கனி என்றால், பிளஸ் ஒன்னில் உருப்போட்டதைக் "கூட்டுக்கனி, சோரோசிஸ்" என்று கோரஸாக ஒப்பிப்பார்கள். ஒரு பூங்கொத்தின் பல பூக்கள் சேர்ந்து ஒரே பழமாவது என்று அர்த்தம். சரி, அப்படியானால் இதில் ஒரே ஒரு பூவைக் காட்டு என்பேன். சத்தம் அடங்கிவிடும்.

அப்புறம் பழம் அறுப்போம். ரோட்டோரம் பலாக்கடை வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளை யாராவது வகுப்பில் இருக்கும், கத்தியிலும் கையிலும் எண்ணெய் தடவிக்கொண்டு என்னைவிட நேர்த்தியாக அறுக்கும். வெளியே இருக்கும் ஒவ்வொரு முள்ளும் ஒரு பூ. கருவுற்ற பூவின் பூவிதழ்தான் சதை பிடித்துச் சுளையாகிறது. உண்மையான கனி, நாம் கொட்டை என்று ஒதுக்குகிற உள்பகுதியோடு சேர்ந்தது. சுளைகளுக்கு நடுவே பிய்த்து மாட்டுக்குப் போடுகிற நார் இருக்கிறதே, அதெல்லாம் கருவுறாமல் போன பூக்கள். நாரை அதுவரை குப்பையாகப் பார்த்த பையன்கள் அதைப் பிரித்து எடுத்து முள்ளோடு சேர்த்துப் பார்ப்பார்கள். நார் மிகுந்து சுளை குறைந்த பழத்தில் மகரந்தச் சேர்க்கை சரியாக நடக்கவில்லை என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை, யாராவது ஒருத்தர் சொல்லிவிடுவார்.

பலா பூக்காமல் காய்க்கும், பாதிரி பூத்தும் காய்க்காது என்று நினைத்துச் சொன்ன பழைய தனிப்பாடல் ஒன்று உண்டு. பாதிரி என்றால் எங்கள் கடலூர் திருப்பாதிரிப்புலியூரின் தலமரமேதான். செய்யுள் அழகு, தாவரவியல் தப்பு. பாதிரி நீளநீளமாகக் காய்க்கும். பலாவில் ஆண் பூங்கொத்து தனி, பெண் பூங்கொத்து தனி, இரண்டும் ஒரே மரத்தில். ஆண் கொத்து வேலை முடிந்ததும் கறுத்து, பூஞ்சணம் பிடித்து உதிரும். இதைச் சொன்ன அன்று ஒரு மாணவி எழுந்து, "மிஸ், எங்க அப்பா அதைப் பிஞ்சு கொட்டுதுன்னு நெனச்சு மருந்து அடிக்கிறாரு" என்றாள். வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாள். "மரத்துல ஆணாவது பொண்ணாவது" என்று சிரித்தாராம். மறுநாள் உதிர்ந்ததையும் மரத்தில் நின்ற பிஞ்சையும் படம் எடுத்து வந்து காட்டினாள்.

2011 டிசம்பர் 30-ல் தானே புயல் இந்தப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் சாய்த்துப் போட்டது. இப்போதைய பிள்ளைகளுக்கு அது வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் கதை. ஒட்டுக்கன்று நடத்தும்போது, பாலூர் 1 என்ற பலா ரகத்தை ஒட்டுக் கட்டினால் எல்லா மரமும் தாய்மரம் மாதிரியே வரும் என்றதும், "அப்ப ஒரு புயல் வந்தா எல்லாம் ஒண்ணா போயிடுமா?" என்று கேட்டான் ஒருவன். புயலுக்கு மரபணு பெரிதாகத் தெரியாது, நோய்க்குத் தெரியும், எல்லா மரத்துக்கும் ஒரே மரபணு என்றால் ஒரே நோய் எல்லாவற்றையும் தாக்கிவிடலாம் என்றேன். விதையில் வந்த மரங்கள் ஏன் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதற்கு அங்கிருந்தே போய்விட முடிந்தது.

முந்திரியில் பழம் என்று நாம் தின்பது சதைத்த பூக்காம்பு. கீழே தொங்கும் கொட்டைதான் கனி. கொட்டையின் தோட்டில் இருக்கும் எண்ணெய் தோலைப் புண்ணாக்கும். மாங்காய்ப் பால் பட்டு உதடு வெந்துபோவதும் அதே குடும்பத்துச் சமாச்சாரம். கொட்டை உடைக்கப் போகிற அம்மாக்களின் விரல்கள் கறுத்திருப்பதைப் பிள்ளைகள் பார்த்தே வளர்கிறார்கள். ஆனால் அந்தப் பேச்சை வகுப்பில் நானாக எடுப்பதில்லை. ஒரு பிள்ளையின் வீட்டு வறுமையை உதாரணமாக்க எனக்கு மனசு வராது. அவர்களே கேட்டால் பேசுவேன்.

விலங்கியல் எடுக்கும் சாருக்கு யானைக்கால் நோய் இப்படி அமைந்தது. முன்பெல்லாம் ராத்திரியில் வந்து கதவைத் தட்டி விரலில் குத்தி ரத்தம் எடுப்பார்கள், ஏன் ராத்திரி என்று உங்கள் தாத்தாவைக் கேட்டு வாருங்கள் என்று அனுப்புவார். மைக்ரோஃபைலேரியா, அதாவது யானைக்கால் புழுவின் இளம்புழு, பகலில் நுரையீரலின் தந்துகிகளில் (மிக நுண்ணிய ரத்தக் குழாய்களில்) தங்கிவிட்டு, கியூலெக்ஸ் கொசு கடிக்கிற இரவு நேரத்தில்தான் வெளிச்சுற்று ரத்தத்துக்கு வருகிறது. ஒட்டுண்ணியும் கடத்தியும் நேரம் பார்த்து நடந்துகொள்கின்றன என்று புரிந்தவனுக்கு வாழ்க்கைச் சுழற்சிப் படம் பிறகு மறப்பதில்லை. கொசுவை ஆராயும் நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு மையம் பக்கத்திலேயே, புதுச்சேரியில் 1975-லிருந்து இருக்கிறது என்பதும் பலருக்குப் புதுச் செய்தி.

எல்லாப் பாடத்துக்கும் இது நடக்காது. டி.என்.ஏ நகலெடுக்கும்போது உருவாகும் ஒகசாகி துண்டுகளைப் பண்ருட்டிச் சந்தையில் தேட முடியாது. அதைக் கரும்பலகையில் இழை இழையாக வரைந்துதான் நடத்துகிறேன், வலிந்து ஒரு ஊர்க்கதை சேர்ப்பதில்லை. "இது பப்ளிக்ல வருமா மிஸ்?" என்ற கேள்வியும் நியாயமானதே. பழம் அறுத்த அன்றே புக்-பேக் ஒரு மதிப்பெண் வினாக்களையும் முடித்துவிடுவேன். கையில் பிசின் போகாமல் நோட்டில் ஒட்டிக்கொண்டு எழுதுவார்கள்.